காலியான பக்கம்

இடது ஷூவைத் தலைகீழாகப் பிடித்து, குதிகாலில் உள்ளங்கையால் நாலு தட்டு. அப்புறம் வலது ஷூவுக்கு நாலு. விரித்துப் போட்ட பழைய செய்தித்தாளில் விழும் மணல் ஒரு பிடிகூடத் தேறாது. ஆனால் அதைச் சிந்தாமல் காலி மாத்திரை டப்பாவுக்குள் சரித்து, மூடியைத் திருகி, மேலே ஸ்டிக்கர் ஒட்டி எழுதினால்தான் எக்ஸ்ரே அம்மாவுக்கு ஊரிலிருந்து வந்து சேர்ந்த மாதிரி. பெட்டியைப் பிரிப்பது, துணியை ஊறப்போடுவது, நாளையிலிருந்து பால் வேண்டும் என்று சொல்லி அனுப்புவது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

கூடத்து அலமாரியில் இப்படிப் பதினோரு டப்பாக்கள். ஒன்றில் செங்கல் பொடி மாதிரி சிவப்பு. ஒன்றில் உப்பு வெள்ளை. ஒன்றில் மணலே இல்லை, கடுகளவு கருங்கற்கள். ஸ்டிக்கரில் ஊர்ப் பெயர் இருக்காது. '55க்கு மேல், முதல் சுற்று', '60க்கு மேல், கால் இறுதி', '65க்கு மேல், வெள்ளி' என்றுதான் இருக்கும். கேட்டால், "எந்த ஊருன்னு மணலைப் பாத்தாலே எனக்குத் தெரியும். எத்தனாவது ரவுண்டுல மண்ணைக் கவ்வினோம்னு மணல் சொல்லுமா?" என்பார். வாங்கிய பதக்கங்கள் கதவுக்குப் பின்னால் ஆணியில், குடையோடு குடையாகத் தொங்குகின்றன.

பன்னிரண்டாவது டப்பாவும் உண்டு. '70க்கு மேல், வெண்கலம்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. உள்ளே ஒன்றும் கிடையாது.

முப்பத்துநாலு வருடம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவர் என்பதால் குடியிருப்பில் அவருக்கு அந்தப் பெயர். கடைசிப் பத்து வருடம் ஸ்கேன் அறை. யாராவது தயங்கித் தயங்கி எதையோ சொல்ல வந்தால், "மூச்சை இழுத்துப் பிடிங்க... ம், இப்ப விடலாம்" என்று பழைய ஆஸ்பத்திரிக் குரலில் சொல்லி அவர்களைச் சிரிக்க வைத்துவிடுவார். வயது எழுபத்தொன்று. ஒல்லி, குட்டை, இரண்டு முழங்காலிலும் உறை. அவருடைய கணவர் லிப்ட்காரர். எழுபத்துநாலு. நாற்பது வருடம் அடுக்குமாடிக் கட்டடங்களின் லிப்ட் குழிகளுக்குள் நின்று கம்பிவடத்துக்கு கிரீஸ் தடவியவர். நல்ல உயரம். குழிக்குள் குனிந்து குனிந்தே தோள் இரண்டும் முன்னால் வளைந்துவிட்டன. மனைவியை அவர் வேறு எப்படியும் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. கோர்ட்டிலும் சரி, சமையலறையிலும் சரி, "பார்ட்னர்!" தான்.

இரண்டு பேரும் ஆடுவது ஷட்டில். முதியோர் போட்டியில் கலப்பு இரட்டையர். கையில் மட்டை எடுத்ததே நாற்பது தாண்டிய பிறகு, லிப்ட் கம்பெனியின் விளையாட்டு மன்றத்தில், சும்மா தொப்பை குறையட்டும் என்று. "சின்ன வயசுல கப்பு கப்பா வாங்கிக் குவிச்சவங்க எல்லாம் முட்டி தேஞ்சு உக்காந்துட்டாங்க. எங்க முட்டி இன்னும் ஷோரூம் கண்டிஷன்," என்பது லிப்ட்காரரின் பெருமை.

முதியோர் ஆட்டத்தில் ஐந்து வருடத்துக்கு ஒரு பிரிவு. அறுபத்துநாலு வயதுக்காரர் அறுபதுகளின் பிரிவில் கிழவர். மறு வருடம் அறுபத்தைந்தின் பிரிவுக்குப் போனால் அவர்தான் இளைஞர். அதனால் வயது ஏறுவதற்கு இவ்வளவு ஆசைப்படும் கூட்டத்தை வேறெங்கும் பார்க்க முடியாது. கலப்பு இரட்டையரில் இருவருக்கும் வயது நிரம்பியாக வேண்டும். எழுபதைத் தொட்ட லிப்ட்காரர் மனைவிக்காக மூன்று வருடம் காத்திருந்தார். "சீக்கிரம் கிழவியாகித் தொலையேன் பார்ட்னர்," என்று ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் மூக்கால் அழுதார். அந்த எழுபது வந்து சேர்ந்தபோது என்ன கதியில் வந்தது என்பதுதான் இங்கே சொல்ல வேண்டியது.

போட்டிகளை அவர்கள் தேர்ந்தெடுத்த விதம் வேடிக்கையானது. வரைபடத்தில் போட்டி நடக்கும் ஊரிலிருந்து நாலைந்து மணி நேரப் பயணத்தில் ஒரு பாலைவனம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விண்ணப்பமே போடுவதில்லை. முதல் முறை அது தற்செயல். முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டார்கள், திரும்பும் ரயிலுக்கு இரண்டு நாள் பாக்கி. பொழுது போகாமல் ஒரு ஜீப்பில் தொற்றிக்கொண்டு மணல்மேடு பார்க்கப் போனார்கள். நாலடிக்கு ஐந்தடிக் குழிக்குள் ஆயுளைக் கழித்த மனிதர் அன்றைக்கு அங்கே இறங்கினார். ஒரு முறை தன்னைத் தானே சுற்றிக்கொண்டு பார்த்தார். "சுவரே இல்ல பார்ட்னர்," என்றார். அவ்வளவுதான். ஆனால் அம்மாவுக்கு அந்தக் குரல் மறக்கவில்லை. தனக்குப் பிடித்த காரணம் வேறு என்பார். "ஊருன்னா மரம், வீடு, சத்தம்னு மேல சதை போட்டிருக்கும். பாலைவனத்துல எலும்பு மட்டும்தான் நிக்கும். எனக்கு அதைத்தானே பாக்கத் தெரியும்?"

ஆட்டத்தில் அவர்களுக்கு ஒரே ஒரு சூத்திரம். அதுவும் லிப்டிலிருந்து வந்தது. லிப்ட் பெட்டி மேலே ஏறினால், அதே கம்பிவடத்தின் மறுமுனையில் ஒரு கனமான எடை கீழே இறங்கும். ஏறுகிறவர்கள் யாரும் அதைப் பார்ப்பதில்லை. "நான் பெட்டி, நீ எடை. நான் எந்தப் பக்கம் போனாலும் நீ என் பின்னால வராதே. நான் விட்டுட்டுப் போற பக்கம் காலியா இருக்கும் பாரு, அங்க போ." அவர் இடப்பக்கம் போனால் அம்மாவின் கால் வலப்பக்கம் போகும். முன்னால் போனால் பின்னால் போகும். பார்க்க வேண்டியதில்லை, நினைக்க வேண்டியதில்லை. முப்பது வருடத்தில் அந்தக் கால்களுக்குத் தனியாக ஒரு புத்தி வந்துவிட்டது. கடையில் சாமான் வாங்கும்போதுகூட அவர் ஒரு வரிசைக்குப் போனால் இவர் எதிர் வரிசைக்குப் போய்விடுவார். பாதி நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் லிப்ட்காரர் புள்ளிக் கணக்கை மறக்க ஆரம்பித்தார். ஷட்டிலில் புள்ளி இரட்டைப்படையாக இருந்தால் வலப்பக்கத்திலிருந்து சர்வீஸ் போட வேண்டும், ஒற்றைப்படையாக இருந்தால் இடப்பக்கத்திலிருந்து. அவர் தப்பான பக்கத்தில் போய் நின்றார். எதிரணி சிரித்தது. அவரும் சிரித்தார். அடுத்த புள்ளிக்கும் தப்பான பக்கத்தில் போய் நின்றார். சிரித்தபோது அவர் வலது கையால் முழங்காலைத் தேய்த்துக்கொண்டதை அம்மா கவனித்தார். அன்றிலிருந்து அந்தக் கையையே கவனித்துக்கொண்டிருந்தார். பால்காரரிடம், பக்கத்து வீட்டுக்காரரிடம், டிவியில் செய்தி பார்க்கும்போது, கை முழங்காலைத் தேய்த்தது. தேய்க்கும்போதெல்லாம் ஒரு ஜோக் வந்தது.

மருத்துவரிடமும் வந்தது. "இவங்க யாரு?" என்று மருத்துவர் கேட்டார். "பார்ட்னர்," என்றார். "அது சரி, பேரு?" கை முழங்காலுக்குப் போயிற்று. "டாக்டர், நீங்க உங்க வீட்டம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்க. அப்புறமும் சோறு கெடைச்சா எனக்குச் சொல்லுங்க." மருத்துவர் வாய்விட்டுச் சிரித்தார். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பெண்டாட்டியின் பெயரே இவருக்குத் தெரியவில்லை என்பது அந்த அறையில் அம்மா ஒருத்திக்குத்தான் தெரிந்தது.

ஸ்கேன் படத்தை அம்மா மருத்துவரிடம் கொடுப்பதற்கு முன்பே ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டார். பத்து வருடம் ஊரார் தலைக்குள் பார்த்த கண். மூளை ஓரங்களில் சுருங்கியிருந்தது. உள்ளே கறுப்பு இடம் அகலமாகியிருந்தது. எத்தனையோ பேருக்கு எடுத்த படங்களில் அதைப் பார்த்துவிட்டு, "டாக்டர் சொல்வார், போயிட்டு வாங்க," என்று அனுப்பி வைத்திருக்கிறார். உறையை மடித்து, மட்டைகள் வைக்கும் நீளப் பையின் உள்ஜிப்பில் போட்டார். மகளிடம் சொல்லவில்லை. போட்டிச் செயலாளரிடம் சொல்லவில்லை. காதும் காதும் வைத்த மாதிரி பதினாலு மாதம் ஓட்டினார்.

ஓட்டிய விதம் இது. கோர்ட்டில் அவர் கணவருக்கு முன்னால் போய் நின்று, மட்டையால் தன் குதிகாலைத் தட்டுவார். வலது குதிகாலைத் தட்டினால் வலப்பக்கம் நில், இடது என்றால் இடப்பக்கம். இரண்டையும் தட்டினால் சர்வீஸ் உன்னுடையது. ஷூவில் ஒட்டிய தூசியைத் தட்டுகிறார் என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். போட்டிக்கு மருத்துவச் சான்றிதழ் கேட்பார்கள். இதயம், ரத்த அழுத்தம், சர்க்கரை, மூட்டு என்று நாலு கட்டம். நாலிலும் லிப்ட்காரர் தங்கம். "மூளைக்குன்னு ஒரு கட்டம் இல்ல. இருந்திருந்தா எழுதியிருப்பேன்," என்று அம்மா பிறகு சொன்னார். எழுதியிருக்க மாட்டார். அதுவும் அவருக்குத் தெரியும்.

ஏனென்றால் ஷட்டில் வந்துவிட்டால் அந்த மனிதர் பழைய மனிதராகிவிடுவார். பெயர் போகலாம், தேதி போகலாம், கேஸ் அடுப்பை அணைப்பது போகலாம். பின்கோட்டுக்கு உயரமாக ஒரு ஷட்டில் வந்தால் அந்த வளைந்த தோள் தானாக நிமிர்ந்து அடிக்கும். அந்த ஒரு நொடிக்காக அம்மா எதை வேண்டுமானாலும் மறைக்கத் தயாராக இருந்தார்.

எழுபதின் பிரிவில் முதல் போட்டி. யார் யாரோடு ஆடுவது என்கிற அட்டவணையைச் சுவரில் ஒட்டியிருப்பார்கள். முதியோர் போட்டியில் அதைப் படிக்கத் தனி நெஞ்சு வேண்டும். போன வருடம் பதினாறு ஜோடி இருந்த இடத்தில் இந்த வருடம் எட்டு. இல்லாத பெயர்களுக்குத் தொடக்க விழாவில் எழுந்து நின்று மௌனம். அட்டவணையில் இவர்களுக்கு எதிரே இருந்தது காதுக்கார வக்கீலும் அவர் மனைவியும். காதில் கருவி மாட்டிய வக்கீலும் அவர் வீட்டம்மாவும் இருபது வருடமாக இவர்களுக்கு எதிரி, இருபது வருடமாக இவர்களுக்கு நண்பர்கள். ஆனால் ஆட்டத்துக்கு வக்கீல் மட்டும் வந்தார். வீட்டம்மா முந்தின மாதமே காலமாகிவிட்டார். விண்ணப்பம் அதற்கு முன்பே போயிருந்தது. "வீட்ல உக்காந்து என்ன பண்றது? அதான் வந்துட்டேன்," என்று தன் காதுக்குக் கேட்கும் அளவுக்குக் கத்தினார். நடுவர் வாக்ஓவர், அதாவது ஆடாமலே இவர்களுக்கு வெற்றி, என்று எழுதினார். விதிப்படி வக்கீல் வலைக்கு வந்து இருவருக்கும் கை கொடுத்தார். லிப்ட்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க பார்ட்னர் எங்க? டீ குடிக்கப் போயிட்டாங்களா?" என்றார். வக்கீல் ஒரு நொடி பார்த்தார். "ஆமா, வந்துருவா," என்றார்.

அரை இறுதியில் தோற்றார்கள். அரை இறுதியில் தோற்றால் வெண்கலம். ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல், ஒரு சாவின் உபயத்தில் வந்த பதக்கம். அம்மா அதைக் கழுத்தில் போட்டுக்கொள்ளாமல் கையில் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மணல்மேட்டில் ஜீப் நின்றது. "அந்தப் பெரிய மேடு வரைக்கும் போலாம்மா. அதுக்கு அந்தப் பக்கம் வேண்டாம். அரை மணி நேரத்துல வந்துருங்க," என்றார் டிரைவர். தெருவில் நடக்கும்போது அம்மா கணவரின் முழங்கையை விடுவதேயில்லை. இங்கே விட்டார். வண்டி இல்லை, படி இல்லை, சந்து இல்லை. தொலைந்து போக இங்கே என்ன இருக்கிறது என்று நினைத்தார். அந்த நினைப்பை நினைத்து நினைத்து இப்போதும் தலையில் அடித்துக்கொள்கிறார்.

பெரிய மேட்டின் அடியில் லிப்ட்காரர் திடீரென்று வேகமெடுத்தார். மேட்டைச் சுற்றி இடப்பக்கம் போனார். அம்மாவின் கால்கள் வலப்பக்கம் போயின.

இதை அவர் யாரிடம் சொன்னாலும் புரியவில்லை. மருத்துவருக்குப் புரியவில்லை, போலீஸ்காரருக்குப் புரியவில்லை. புத்தி கெட்டுப்போன புருஷன் ஒரு பக்கம் போகிறார், பெண்டாட்டி எதற்கு எதிர்ப்பக்கம் போவாள்? அவர் யோசித்துப் போகவில்லை. கால் போயிற்று. மேட்டைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், இடுப்பில் கை வைத்துச் சிரித்துக்கொண்டே நின்றார், இதோ எதிரே வரப் போகிறார் என்று. அந்தப் பக்கம் மேடு ஒன்றல்ல, மூன்றாகப் பிரிந்து கிடந்தது. யாரும் வரவில்லை. "ஏங்க!" என்றார். காற்று மணலை நகர்த்திக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தால் தன் கால்தடமே பாதிதான் இருந்தது.

நாலு மணி நேரம். டிரைவரும், வேறு இரண்டு ஜீப்காரர்களும், அம்மாவும் தேடினார்கள். அம்மாவை வண்டியிலேயே உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. சுவரே இல்லாத அந்த இடத்தை அன்றைக்கு அவர் வாய்க்கு வந்தபடி திட்டினார். சுடுமணலில் ஓடி ஓடி, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்று நின்று, தன் காலையே வெட்டிப் போடலாம்போல் ஆத்திரம் வந்தது என்று சொல்கிறார்.

பதினோரு மணிக்கு டிரைவர்தான் பார்த்துக் கை காட்டினார். இரண்டு மேடுகளுக்கு நடுவில் ஒரு பள்ளம். ஒரு முள்செடி, அதன் நிழல் சுருங்கிப் போய் ஒரு பக்கம் கிடந்தது. லிப்ட்காரர் மணலில் குதிகாலால் ஒரு கட்டம் கீறியிருந்தார். நாலடிக்கு ஐந்தடி. அதற்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தார். நிழல் கட்டத்துக்கு வெளியே ஓரடி தள்ளி இருந்தது. அவர் அங்கே நகரவில்லை. உதடு வெடித்திருந்தது. நாக்கு தடித்து, பேச்சு பாதிதான் வந்தது. "கரண்ட் போயிருச்சு. பதறக் கூடாது. கதவைத் திறக்கப் பாக்கக் கூடாது. உள்ளயே இருக்கணும். ஆள் வரும்."

நாற்பது வருடமாக நடுவழியில் நின்றுபோன லிப்டுகளுக்குள் மாட்டிக்கொண்டு கூச்சல் போட்டவர்களுக்கு, மேலேயிருந்து குழிக்குள் குனிந்து அவர் சொன்ன வார்த்தைகள் அவை. டிரைவர் பிறகு சொன்னார்: "நடந்துக்கிட்டே இருந்திருந்தா முடிஞ்சிருக்கும்மா. உக்காந்ததாலதான் கெடைச்சாரு."

அம்மாவைப் பார்த்ததும் லிப்ட்காரர் முழங்காலை மடக்கி ஓரமாக ஒதுங்கினார். "உள்ள வா பார்ட்னர். இன்னொரு ஆளுக்கு இடம் இருக்கு." அம்மா கோட்டை மிதிக்காமல், காலை உயரத் தூக்கி உள்ளே வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தார். தண்ணீர் பாட்டிலோடு டிரைவர் இறங்கி வரும் வரை இருவரும் அந்த லிப்டுக்குள் இருந்தார்கள்.

பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கையில் சலைன் ஏறியது. சிறுநீரகம் பாதி கெட்டுப்போயிருந்தது. மெதுவாகப் போய்க்கொண்டிருந்த ஞாபகம் அதற்குப் பிறகு படிப்படியாக இல்லை, மொத்தமாக இறங்கியது. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குக் கீழே இருந்த இரண்டு ஜோடி ஷூவையும் அம்மா குப்பைத் தொட்டிக்கு மேல் பிடித்துத் தட்டினார். வீட்டுக்கு வந்தபின் ஸ்டிக்கர் மட்டும் எழுதினார், கைப்பழக்கத்தில்.

மகள் வந்தாள். ஒரு கம்பெனியில் வேலைக்கு ஆள் எடுப்பவள். எதிரே உட்கார வைத்துக் கேள்வி கேட்பதுதான் அவள் தொழில். பையைப் பிரித்துப் போட்டபோது உள்ஜிப்பில் அந்த உறை கிடைத்தது.

"இது என்னம்மா?"

"ஸ்கேன்."

"ஸ்கேன்னு தெரியுது. தேதியைப் பாரு. பதினாலு மாசம். தெரிஞ்சேதான் கூட்டிட்டுப் போனியா?"

"தெரிஞ்சேதான்."

"ஏன்?"

அப்பாவின் சந்தோஷத்துக்காக என்று ஒரு பதில் அம்மாவிடம் தயாராக இருந்தது. எத்தனையோ நாள் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்த பதில். மகளின் முகத்தைப் பார்த்ததும் அது வரவில்லை. "எனக்கு ஆடணும்போல இருந்துச்சுடி," என்றார். மகள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அழ ஆரம்பித்தாள். "மூச்சை இழுத்துப் பிடி," என்று அம்மா சொல்லவில்லை.

மட்டைகள் பரண் மேல் போயின. வாசல் கதவுக்கு உள்பக்கம் ஒரு புதுப் பூட்டு வந்தது. ஆனால் காலை ஐந்தரைக்கு லிப்ட்காரர் தானாக எழுந்து, ஷூவைப் போட்டு, லேசை ஒழுங்காக முடிச்சுப் போட்டுக்கொண்டு, பூட்டிய கதவுக்கு முன்னால் போய் நிற்பார். கத்த மாட்டார், கதவைத் தட்ட மாட்டார். லிப்டுக்காக நிற்பவர் மாதிரி மேலே பார்த்துக்கொண்டு நிற்பார். பத்து நாள் அதைப் பார்த்த மகளே பதினோராவது நாள் நாற்காலி போட்டு ஏறி மட்டைகளை இறக்கிக் கொடுத்தாள். "பின்னாடி இருக்கிற கோர்ட்டோட சரி. வெளியூர்னு யாராவது பேச்செடுத்தீங்க..." என்றாள், முடிக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காதுக்கார வக்கீல் வந்தார். குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் சிமெண்ட் கோர்ட்டில், பெஞ்சில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்து விரித்தார். கலப்பு இரட்டையர், எழுபதுக்கு மேல். ஆண் என்கிற இடம் நிரப்பியிருந்தது. பெண் என்கிற இடம் வெறுமையாக இருந்தது.

"அடுத்த மாசம்," என்று கத்தினார். "எனக்கு ஆள் இல்ல. உங்களுக்கும் இவரோட இனிமே முடியாது. நான் கேலரியில உக்காந்திருந்தப்பவே பாத்தேன், நீங்க குதிகாலைத் தட்டினதை. யாருகிட்டயும் சொல்லல. இவ்வளவு ஆட்டத்தை வெச்சுக்கிட்டு நீங்க வீட்ல உக்காரக் கூடாதும்மா. மகள் பாத்துக்கட்டும், நாலு நாள்தானே? பக்கத்துலயே மணல்மேடு எல்லாம் இருக்கு, உங்களுக்குப் பிடிக்குமே."

மகள் பெஞ்சின் மறுமுனையில் இருந்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு முறை தலையைக்கூட ஆட்டினாள், போய்த்தான் வாயேன் என்கிற மாதிரி. லிப்ட்காரர் கோர்ட்டுக்குள் நின்று வலையின் நுனியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்கு ஆசை வந்தது. வெட்கமில்லாமல் வந்தது. சரியான பக்கத்தில் தானாகவே போய் நிற்கும் ஒரு ஆள். புள்ளி எத்தனை என்று தெரிந்த ஒரு ஆள். குதிகாலைத் தட்ட வேண்டியதில்லை. கால் முட்டி இன்னும் மூன்று வருடம், பிடித்தால் நாலு வருடம் தாங்கும். உள்ளங்கை மட்டையின் பிடியைத் தானாக இறுக்கியது. அவர் விண்ணப்பத்தை வாங்கிப் படித்தார். மடித்தார். மறுபடி பிரித்தார்.

"முதல்ல ஒரு கேம்," என்றார். "நாங்க ரெண்டு பேர் இந்தப் பக்கம். நீங்க ஒருத்தர் அந்தப் பக்கம்."

வக்கீல் சர்வீஸ் போட்டார். அவருக்கும் இருபது வருடமாக இந்த ஜோடியைத் தெரியும். லிப்ட்காரருக்கு லேசாகப் போட்டார். அவர் அடித்தார். மறுபடி போட்டார், அடித்தார். வளைந்த தோள் நிமிர்ந்தது. "வா பார்ட்னர்!" என்று ஒரு சத்தம் வந்தது. மூன்று வாரத்தில் அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அது. பெஞ்சில் மகள் எழுந்து நின்றுவிட்டாள்.

அடுத்ததை வக்கீல் இடது மூலைக்கு உயரமாகத் தூக்கினார். லிப்ட்காரர் அதை விரட்டிக்கொண்டு போனார். எட்டி, நன்றாகவே அடித்தார். அடித்தவர் நிற்கவில்லை. ஷட்டில் போன திசையைப் பார்க்காமல், வெளிக்கோட்டைத் தாண்டி, திறந்து கிடந்த கேட்டைப் பார்த்து அதே வேகத்தில் நடந்துகொண்டே இருந்தார்.

அம்மாவின் வலது கால் வலப்பக்கம் கிளம்பிவிட்டது. வக்கீலின் மணிக்கட்டு திரும்புவது தெரிந்தது. ஷட்டில் காலியான வலப்பக்கத்துக்குத்தான் வந்தது. இரண்டு எட்டு வைத்தால் எடுத்துவிடலாம். அம்மா கிளம்பிய காலைப் பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தினார். மட்டையைக் கீழே போட்டார். இடப்பக்கம் ஓடிப் போய், கணவருடைய பனியனின் முதுகுப்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, ஷட்டில் சிமெண்டில் விழும் சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்காமல், அவர் பின்னாலேயே நடந்தார்.